டீ நிறத்தில் ஓர் ஆறு!

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் ஒகெஃபெனோகீ என்று ஒரு பெரிய சதுப்பு நிலம். அங்கிருந்து புறப்படுகிறது சுவானி ஆறு. அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால், பால் விடாத டீ மாதிரியே இருக்கும். 'சாக்கடை கலந்துடுச்சோ?' என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் டீத்தூளில் டிகாக்ஷன் இறக்குகிறோமே, அதே வேலையைத்தான் அங்கே இயற்கை செய்கிறது. உதிர்ந்த இலை, பட்டை, வேர் எல்லாம் வருஷக்கணக்கில் ஊறி, மக்கி, சாறு இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சாற்றில் இருப்பவை பெரும்பாலும் கரிம அமிலங்கள். நிறைய அமிலம் விட்டதும் அடியில் படிந்து விடுவதற்கு ஹியூமிக் அமிலம் என்று பெயர். அப்போதும் கரைந்தே நிற்பது ஃபல்விக் அமிலம். உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பொருளாக வைத்திருப்பது இந்தச் சுவானி ஆற்று அமிலங்களைத்தான்.

'இலைச் சாறுதானே, இருந்துட்டுப் போகட்டும்' என்கிறீர்களா? சும்மா இருந்தால் தொல்லை இல்லை. குளோரினோடு சேரும்போதுதான் விவகாரம். நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த ஜொஹானஸ் ரோக் என்ற வேதியியலாளர், குளோரின் போட்ட தண்ணீரில் குளோரோஃபார்ம் இருப்பதை 1974-ல் எடுத்துச் சொன்னார். ஆற்றில் யாரும் அதைக் கொட்டவில்லை. தண்ணீரில் இருந்த இயற்கைப் பொருள்களும் கிருமி கொல்லப் போட்ட குளோரினும் சேர்ந்து அங்கேயே உண்டாக்கியது! அதே ஆண்டு அமெரிக்காவிலும் இதையே கண்டார்கள். 1979-ல் அந்த நாடு, குளோரோஃபார்ம் வகைப் பொருள்கள் நான்கும் சேர்ந்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. 1998-ல் அதை 80 ஆகக் குறைத்தது. நீண்ட காலம் அதிக அளவில் குடித்தால் புற்றுநோய் வரலாமோ என்ற கவலைதான் காரணம்.

சரி, எந்த அமிலம் குளோரினோடு வம்புக்குப் போகிறது? அதற்கு ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காண வேண்டுமே. ஒரு சொட்டில் இருப்பதோ ஆயிரக்கணக்கான வகை. இங்கேதான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வருகிறது. இது மூலக்கூறுகளை எடை போடும் தராசு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீரில் அமிலம் சேர்த்து, விசேஷமான பிசின் அடைத்த குழாய் வழியே விடுவார்கள். உப்பு வெளியே போய்விடும். கரிம அமிலங்கள் பிசினில் ஒட்டிக்கொள்ளும். எல்லாமே ஒட்டாது, கொஞ்சம் தப்பிவிடும். ஒட்டியதை மெத்தனாலில் கழுவி எடுத்து, மின்னழுத்தம் கொடுத்த மெல்லிய ஊசி வழியே பீய்ச்சுவார்கள். அமிலங்கள் ஒரு ஹைட்ரஜனை விட்டுக் கொடுத்து எதிர் மின்னேற்றம் பெறும். பிறகு அவற்றைப் பலமான காந்தத்துக்குள் சுற்ற விடுவார்கள். கனமானது மெதுவாகச் சுற்றும், லேசானது வேகமாகச் சுற்றும். சுற்றுகிற வேகத்தை அளந்தால் எடை கிடைத்துவிடும்! ஃப்ளோரிடாவில் டல்லஹாசியில் உள்ள காந்த ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே 21 டெஸ்லா காந்தம் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய காந்தம் எதற்கு? ஒரு மூலக்கூறில் ஓர் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு, ஒரு கார்பனும் நாலு ஹைட்ரஜனும் வையுங்கள். எடை இரண்டிலும் 16 போலத்தான் தெரியும். நுணுக்கமாகப் பார்த்தால் ஆக்ஸிஜன் 15.9949, மற்றது 16.0313. இந்தத் துளி வித்தியாசத்தைப் பிடித்தால்தான் சரியான வாய்பாடு கிடைக்கும். தங்க நகைக்கடைத் தராசே இதனிடம் தோற்றுவிடும் போங்கள்!

குளோரின் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே தண்ணீரை இப்படி எடை பார்க்கிறார்கள். இயற்கைக் குளோரினில் 35, 37 என்று இரண்டு எடை அணுக்கள், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் இருக்கின்றன. அதனால் குளோரின் ஏறிய மூலக்கூறு, கிட்டத்தட்ட 2 எடை இடைவெளியில் அண்ணன் தம்பி மாதிரி இரட்டைக் கோடாக வந்து காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இந்தத் தராசு சர்வ வல்லமை படைத்ததும் அல்ல. ஒரே வாய்பாட்டுக்குப் பல உருவங்கள் இருக்கலாம். அதை எடை மட்டும் சொல்லாது. கோடு உயரமாக இருந்தால் அளவும் அதிகம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

வீட்டுக்கு இதனால் என்ன? குளோரினையே வேண்டாம் என்று நிறுத்திவிடாதீர்கள். காலரா, டைஃபாய்டு இன்றைக்கே ஆளைச் சாய்க்கும். அந்தப் பயம்தான் பெரிது. உலக சுகாதார நிறுவனமும், துணைப் பொருளுக்குப் பயந்து கிருமி நீக்கத்தில் குறை வைக்காதீர்கள் என்கிறது. வரிசைதான் முக்கியம்: முதலில் படிகாரம் போட்டுத் தெளியவைத்து வடிகட்டி, அமிலத்தைக் குறைத்துவிட்டு, பிறகு குளோரின். கிணற்றுத் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதே என்று பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுவது தலைகீழ் வைத்தியம்.

பழுப்புக்கு இரும்பும் காரணமாகலாம். ஒரு பாத்திரத்தில் பிடித்துத் திறந்தபடி ஒரு நாள் வையுங்கள். துரு மாதிரி அடியில் படிந்தால் பெரும்பாலும் இரும்பு. படியாமல் டீயாகவே நின்றால் இலைச் சாறு என்று சந்தேகப்படலாம். உறுதி செய்யச் சோதனைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரோஃபார்ம் பற்றிக் கவலையா? மூடாத பாத்திரத்தில் சில நிமிஷம் கொதிக்க விடுங்கள், பெருமளவு ஆவியாகிவிடும். அடுப்படி ஜன்னலைத் திறந்து வைக்க மறக்காதீர்கள்.