மோட்டாரின் மூச்சறியும் கருவி

விளக்கெரிவதற்குக் காற்று இன்றியமையாதது என்பதைச் சிறுவரும் அறிவர். எரியும் அகலைக் கலத்தாற் கவித்து மூடின் சுடர் சிறிது நேரத்தில் அவியும். மோட்டார் எஞ்சினுள் எரியும் பெட்ரோலுக்கும் இந்நியதி உண்டு. ஆனால் அங்கே காற்று இருந்தால் மட்டும் போதாது. பெட்ரோலின் அளவுக்கு ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். அவ்வளவு ஒத்ததா, ஒவ்வாததா என்பதை எரிந்தபின் வெளிப்படும் புகையைக் கொண்டே அறிவிக்கும் சிறு கருவியொன்று உண்டு. பட்டறையார் அதனை ஆக்ஸிஜன் சென்சார் என்பர். அதன் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் வினவினர். எம் தந்தையார் வாடகை மோட்டார் ஓட்டிக் குடும்பம் காப்பவர். சென்ற ஆண்டில் அவ்வண்டியின் முகப்பிலுள்ள எச்சரிக்கை விளக்கு எரியலாயிற்று. பெட்ரோற் செலவும் ஏறிற்று. ஒரு பட்டறையில் இக்கருவியே பழுதுற்றது என்று கூறிப் புதியதொன்றைப் பொருத்தினர். பல நாள் வருவாய் அதற்கே சென்றது. மூன்றாம் நாள் அவ்விளக்கு மீண்டும் எரிந்தது. கருவி பொய் கூறிற்றா, அன்றி அதன் சொல்லைக் கேட்டவர் பிழைபட உணர்ந்தனரா? இவ்வையமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முதற்கண் அளவினைக் காண்பாம். ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிதற்கு நிறையால் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று இதனிற் குறையுமாயின் கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயுவும், எரியாத எண்ணெயாவியும் புகையில் மிகும். இவையன்றி, எஞ்சினின் பெருவெப்பத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் உண்டாகின்றன. இம்மூவகைத் தீங்கையும் மாற்றுதற்பொருட்டுப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் முதலிய உலோகங்கள் பூசிய தூய்மைக்கலம் ஒன்று புகைக்குழாயில் வைக்கப்படுகின்றது. முன்னைய இரண்டும் எரிந்தொழியப் பிராணவாயு வேண்டும். மூன்றாவதோ தன் பிராணவாயுவை இழத்தல் வேண்டும். மாறுபட்ட இவ்விரு செயலும் ஒருங்கே நிகழ வேண்டின், காற்றின் அளவு அந்த 14.7 என்னும் நிலையை மிக நெருங்கியே நிற்றல் வேண்டும். அதற்குக் காவலாய் அமைந்ததே நம் கருவி.

இனி அதன் அமைப்பினைக் கூறுவாம். அதன் உள்ளுறுப்பு, தையற்காரர் விரலில் அணியும் உறை போன்ற வடிவினது. பீங்கானை ஒத்த சிர்க்கோனியாவில் இட்ரியா என்னும் பொருளைக் கலந்து செய்யப்பட்டது. உள்ளும் புறமும் நுண்டுளைகளையுடைய பிளாட்டினப் பூச்சு உண்டு. புறப்பக்கம் புகையில் தோய்ந்திருக்கும். உட்பக்கத்தில் வெளிக்காற்று நிற்கும். ஏறத்தாழ 300 பாகை செண்டிகிரேடுக்கு மேற் சூடேறியபின் இப்பொருள் ஒரு வியத்தகு தன்மையைப் பெறுகின்றது. பிராணவாயு அயனிகளுக்குத் தன்னூடே வழிவிடும், எலெக்ட்ரான்களுக்கு வழிவிடாது.

வெளிக்காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு பிராணவாயு உண்டு. புகையில் அது மிகக் குறைவு. மிக்க இடத்தினின்று குறைந்த இடத்திற்குச் செல்லுதல் வாயுவின் இயல்பு. காற்றுப் பக்கத்தில் ஒவ்வோர் அணுவும் இரண்டு எலெக்ட்ரான்களைக் கவர்ந்து அயனியாகி உட்புகும். புகைப் பக்கத்தில் அவற்றை விட்டு நீங்கும். ஆகவே இரு பூச்சுக்களுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றுகின்றது. இவ்வழுத்தம் இரு பக்கத்துப் பிராணவாயுவின் விகிதத்தைப் பொறுத்தது என்னும் விதியை ஜெர்மானிய அறிஞர் வால்த்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் வகுத்தார். அவரே பின்னர் 1897இல் சிர்க்கோனியாவும் இட்ரியாவும் கலந்த கோலினை ஒளிரச்செய்து மின்விளக்கு ஒன்றை அமைத்தார். விளக்குக்கு உதவிய அப்பொருளே, பாஷ் கம்பெனியார் செய்த கருவியாய், 1976இல் வால்வோ மோட்டாரில் முதன்முதல் இடம்பெற்றது.

காற்று மிக்கபொழுது கருவி ஏறத்தாழ 0.1 வோல்ட் தரும். பெட்ரோல் மிக்கபொழுது 0.8 அல்லது 0.9 வோல்ட் தரும். இடையிலுள்ள மாற்றம் படிப்படியாக நிகழ்வதன்று. செங்குத்தான பாய்ச்சலாகவே நிகழும். பெட்ரோல் மிக்க புகையில் எஞ்சிய சிறிது பிராணவாயுவையும் பிளாட்டினப் பூச்சு அங்கேயே எரித்துத் தீர்த்துவிடுதலே இதற்குக் காரணம். எனவே இக்கருவி "மிகுதி" அல்லது "குறைவு" என்று மட்டும் கூறுமேயன்றி, எத்துணை என்று கூறாது. எத்துணை என்றும் கூறவல்ல கருவிகள் பின்னர் வந்தன. அவற்றின் அமைப்பு வேறு.

"குறைவு" என்று கேட்டவுடன் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சிறிது கூட்டும். "மிகுதி" என்று கேட்டவுடன் சிறிது குறைக்கும். இங்ஙனம் இருபுறமும் மாறிமாறிச் சாய்ந்தே நடுநிலை காக்கப்படுகின்றது. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தன் அசையாது நிற்பதால் விழாதிருக்கின்றானல்லன். இடமும் வலமும் ஓயாது அசைந்து திருத்திக்கொள்வதாலேயே விழாதிருக்கின்றான். எஞ்சினின் நடுநிலையும் அத்தகையதே. கருவி குளிர்ந்துள்ளபொழுது பேசாது. ஆதலின் அதனை விரைவிற் சூடேற்ற உள்ளே ஒரு மின்சூடாக்கியும் வைத்துள்ளனர்.

இக்கருவிக்குப் பகையாவன சில உள. அவற்றுள் ஈயம் தலையாயது. அது பிளாட்டினத்தை மூடிக் கெடுக்கும். தூய்மைக்கலத்திற்கும் அதுவே நஞ்சு. ஆதலின் இந்தியாவில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் வழங்கலாயினர். 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் ஒழிந்தது.

இனி எம் தந்தையாரின் வண்டிக்கு வருவாம். வேறொரு பட்டறையிலிருந்த முதியவர் கருவியைத் தொடவேயில்லை. குனிந்து புகைக்குழாயை நோக்கினார். கருவிக்கு முன்னுள்ள பொருத்துவாயில் மயிரிழைபோற் கரிபடிந்த வெடிப்பு ஒன்று இருந்தது. எஞ்சின் புகையை ஒரே சீராக வெளிவிடுவதில்லை, விட்டுவிட்டே தள்ளுகின்றது. இரண்டு தள்ளுதலுக்கிடையே குழாயினுள் அழுத்தம் தாழும்பொழுது வெளிக்காற்று அவ்வெடிப்பின் வழியே உட்புகுந்தது. "பிராணவாயு உளது" என்று கருவி உள்ளதையே உரைத்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் கருவி அறியாது. பெட்ரோல் குறைந்தது போலும் என்று கருதிய கம்ப்யூட்டர் வேண்டாத பெட்ரோலை மேன்மேலும் சொரிந்தது. வெடிப்பினைப் பற்றவைத்தபின் விளக்கு அணைந்தது. செலவும் பழைய அளவுக்கு வந்தது.

தீப்பொறி தவறினாலும் இவ்வாறே நிகழும். எரியாத பெட்ரோலோடு எரியாத பிராணவாயுவும் வெளியேறும். கருவி பிராணவாயுவை மட்டுமே காணும். பெட்ரோல் வழிந்தோடும்பொழுதும் "குறைவு" என்றே கூறும்.

ஆதலின் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. சான்று கூறுவோனிடம் அவன் கண்டதையே கேட்டல் வேண்டும். காணாததற்கும் அவன் சொல்லையே சான்றாகக் கொண்டு, பின்னர் அவனைப் பொய்யன் என்று விலக்குதல் முறையன்று. எம் தந்தையார் கழற்றிய பழைய கருவியை எறிந்துவிடாது வைத்திருக்கின்றார். அதில் குற்றமொன்றும் இல்லை.