பிரசங்கம் மட்டும் போதுமா?

வேதபாடம்: 1 தெசலோனிக்கேயர் 2:7-12



தெசலோனிக்கேயாவின் ஜெபஆலயத்தில் பவுல் பேசியது மூன்று ஓய்வுநாட்கள்தான் (அப். 17:2). ஆனாலும் அங்கே ஒரு சபை நிலைத்தது. எப்படி? அவர் சுவிசேஷத்தோடு தன்னையும் சேர்த்துக் கொடுத்தார் (வச. 8). தாயைப்போல் பராமரித்தார் (7). இராப்பகலாய்க் கைவேலை செய்தார் (9). தகப்பனைப்போல் புத்தி சொன்னார் (11). ஜனங்கள் அவர் ஜீவியத்தைக் கண்ணால் கண்டார்கள்.

நானோ வாலிபர் கூட்டத்தில் வருஷக்கணக்காய்ப் பிரசங்கித்தும், என் தோல்வியை மறைத்தே வந்தேன். பிளஸ் டூவில் தோற்ற ஒரு தம்பி சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீடு தேடிப் போய் வசனம் சொன்னேன். தலை நிமிரவேயில்லை. கடைசியில், "தம்பி, நானும் பிளஸ் டூ ஃபெயில்தான். மூணு மாசம் வெளியே தலைகாட்டல. ஆண்டவர் மேலயே கோபப்பட்டேன்" என்றேன்.

"பாஸ்டர், நீங்களுமா? இத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று அழுதான். அந்தக் கேள்வி என்னைக் குத்தியது.

வாலிபரை நடத்துகிறவர்களே, எல்லாவற்றையும் மேடையில் கொட்ட வேண்டாம். பக்திவிருத்திக்கு ஏதுவானதைச் சொல்லுங்கள். விழுந்ததை மட்டுமல்ல, கர்த்தர் தூக்கியெடுத்ததையும் சொல்லுங்கள்.

சிந்திக்க: இந்த வாரம் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரப் போகிறீர்கள்?