புறப்படுமுன் தொடங்கும் பருவம்: கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவரும் ஐரோப்பியப் பரிமாற்றமும்

மாணவர் பரிமாற்றம் என்பது, ஒரு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதிவு பெற்ற மாணவர், அப்பதிவை இழக்காமலே வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒன்றோ இரண்டோ பருவங்கள் பயின்று, அங்கு ஈட்டிய கிரெடிட்டுகளைத் தம் பட்டத்தின் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடாகும். முழுப் பட்டத்துக்காக வெளிநாடு செல்வதிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடுகிறது. ஒன்று, கல்விக் கட்டணம் பொதுவாகத் தாய்ப் பல்கலைக்கழகத்துக்கே செலுத்தப்படுகிறது. ஏற்கும் பல்கலைக்கழகம் தனக்கெனக் கல்விக் கட்டணம் கேட்பதில்லை. மற்றொன்று, காலம் மிகக் குறுகியது. வகுப்புகள் நடைபெறுவது நான்கைந்து மாதங்களே. மூன்றாண்டுப் படிப்பில் தொடக்கக் குழப்பத்தில் கழிந்த ஒரு மாதத்தைப் பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம். ஒரு பருவத்தில் அதற்கு இடமில்லை. ஆகவே கோலாலம்பூரிலேயே முடித்துவிடக்கூடிய எதையும் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லக் கூடாது என்பதே, இப்பருவத்தை நன்கு பயன்படுத்திக்கொண்ட மாணவர்களின் அனுபவம் தரும் முதற்பாடம்.

ஐரோப்பாவில் இம்முறைக்கு நிலையான வடிவம் தந்தது 1987இல் தொடங்கப்பட்ட எராஸ்மஸ் திட்டமாகும். முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதில் பங்கேற்றனர். 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள நாடுகளின் மாணவர்களுக்கும் அதன் வாயில் திறந்ததால், மலேசிய மாணவர்களும் உபகாரச் சம்பளத்துடன் செல்லும் வாய்ப்பு உண்டாயிற்று. எனினும் இத்திட்டத்துக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே உடன்பாடு இருந்தாக வேண்டும், விண்ணப்பமும் தாய்ப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக உறவுப் பிரிவின் வழியாகவே செல்ல வேண்டும். எனவே நகரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு உடன்பாட்டைத் தேடுவதைவிட, உடன்பாடுகளின் பட்டியலைப் பெற்று அதிலிருந்து நகரத்தைத் தேர்வதே முறை.

பெயரை ஒரே வடிவில் நிறுத்துதல்

மலேசியத் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கல் முதற்படிவத்திலேயே எழுகிறது. மலேசியத் தமிழரின் கடப்பிதழில் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை. மாணவரின் பெயரும் தந்தையின் பெயரும், மகனாயின் 'ஏ/எல்' என்றும் மகளாயின் 'ஏ/பி' என்றும் குறிக்கப்படும் மலாய்ச் சுருக்கங்களால் இணைக்கப்பட்டு ஒரே வரியில் அமைகின்றன. ஐரோப்பியப் படிவங்களோ முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் வைத்து, இரண்டும் நிரம்பினாலன்றி அடுத்த பக்கத்துக்குச் செல்ல விடுவதில்லை; சாய்கோட்டைப் பல கணினிப் படிவங்கள் ஏற்பதும் இல்லை. எடுத்துக்காட்டாக, கடப்பிதழில் கவிதா ஏ/பி முனியாண்டி என்றிருக்கும் மாணவி, சேர்க்கைக் கடிதத்தில் முனியாண்டி என்ற குடும்பத்தைச் சேர்ந்த கவிதாவாகவும், விமானச் சீட்டில் சாய்கோடற்ற 'ஏபி' இடையில் நிற்கும் பெயராகவும், காப்புறுதிப் பத்திரத்தில் தந்தை பெயரே இல்லாத கவிதாவாகவும் பதிவாகிவிட நேரும். இம்மூன்றும் ஒருவரே என்று வங்கி அலுவலரிடமும் குடிநுழைவு அலுவலரிடமும் நிறுவுவதிலேயே வாரங்கள் கழிந்துவிடும்.

இதற்குத் தீர்வு எளியது. ஆனால் தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டியது. எந்தப் பகுதியைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவது என்பதை அனைத்துலக உறவுப் பிரிவுடன் பேசி முடிவு செய்து, சேர்க்கை, விசா, காப்புறுதி, விமானச் சீட்டு, வங்கி ஆகிய அனைத்திலும் அதே வடிவத்தையே இட வேண்டும். சேர்க்கைக் கடிதத்தில் பெயர் மாறி வந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே திருத்திக் கேட்டுப் பெற வேண்டும். கடப்பிதழிலுள்ள பெயரின் அமைப்பை விளக்கி, இவ்வடிவங்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்று தாய்ப் பல்கலைக்கழகம் தரும் கடிதம் ஒன்றும், பிறப்புச் சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பும் கைவசம் இருப்பது நல்லது. அங்கே பேராசிரியர்கள் சிலர், குடும்பப் பெயர்க் கட்டத்தில் இட்ட தந்தையின் பெயராலேயே மாணவரை அழைப்பர். வருகைப் பட்டியலிலும் அப்பெயரின் அகர வரிசையிலேயே தேட வேண்டும். தம்மை எப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவதை யாரும் தவறாகக் கொள்வதில்லை.

கிரெடிட் கணக்கு

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஈசிடிஎஸ் எனப்படும் பொதுவான மதிப்பலகு முறையைப் பின்பற்றுகின்றன. இதன்படி ஓராண்டுப் படிப்பு 60 அலகுகள், ஒரு பருவம் 30 அலகுகள். ஓர் அலகு என்பது விரிவுரை, வாசிப்பு, கட்டுரை, தேர்வு அனைத்தும் சேர்ந்த 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். மலேசியாவில் ஒரு கிரெடிட் 40 மணி நேரக் கற்றலுக்குச் சமம். எனவே 30 ஐரோப்பிய அலகுகள் 750 முதல் 900 மணி நேரமாகி, மலேசியக் கணக்கில் ஏறத்தாழ 19 முதல் 22 கிரெடிட்டுகளுக்கு ஒப்பாகும். இந்தக் கணக்கை அறியாதவர்கள், அலகும் கிரெடிட்டும் ஒன்றே என்று கருதி 15 அல்லது 18 அலகுகளோடு நிறுத்திக்கொண்டு, திரும்பி வந்தபின் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகக் காண்கின்றனர்.

மதிப்பெண் அளவுகோலும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி எல்லை, 4.00 என்பதை உச்சமாகக் கருதிப் பழகிய மலேசிய மாணவருக்கு இது நேர்மாறானது. பிரான்சில் 20க்கு 10 பெற்றால் தேர்ச்சி; இத்தாலியில் 30க்கு 18. இவற்றைத் தாய்த்துறை எவ்வாறு மாற்றிக் கணக்கிடும், மதிப்பெண் சராசரியில் சேருமா அல்லது கிரெடிட் மட்டும் சேருமா என்பதை எழுத்து வடிவில் பெற்ற பின்னரே பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர், தாய்ப் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையொப்பமிடும் கற்றல் உடன்படிக்கையே இதற்குரிய ஆவணம். அறிவித்த பாடம் அங்கு நடைபெறாமல் போவது வழக்கமாதலால், தேவைக்கு மேலாக இரண்டு மூன்று பாடங்களுக்கும் முன்னதாகவே ஒப்புதல் பெற்று வைப்பதும், அங்கு சென்றபின் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் அதே ஆவணத்தில் பதிவு செய்வதும் இன்றியமையாதன. கல்விக் கடனுதவி பெறுவோர், பரிமாற்றக் காலத்திலும் அது தொடருமா என்பதைத் தங்கள் கடன் ஒப்பந்தத்தைக் கொண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விசா, பணம், இருப்பிடம்

மலேசியக் கடப்பிதழ் உடையோர் செங்கன் நாடுகளில், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாள்வரை விசாவின்றித் தங்கலாம். இவ்வசதியே சிலரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது. பருவம் 90 நாளைத் தாண்டுமாதலால், செல்லும் நாட்டின் நீண்டகால விசாவோ தங்கும் அனுமதியோ வேண்டும். அதைப் பெறும் வழி நாட்டுக்கு நாடு வேறு: ஜெர்மனிக்குப் புறப்படுமுன்பே கோலாலம்பூரில் விண்ணப்பிக்க வேண்டும், நெதர்லாந்தில் ஏற்கும் பல்கலைக்கழகமே மாணவர் சார்பில் விண்ணப்பிக்கிறது, பிரான்சின் நீண்டகால மாணவர் விசாவை, அங்கு சென்றடைந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்தினால்தான் அது செல்லுபடியாகும்.

ஜெர்மனி கேட்கும் 'முடக்கக் கணக்கு' இங்கு விளக்கத்துக்குரியது. மாணவரின் பெயரில் பணம் முழுவதும் முன்கூட்டியே செலுத்தப்பட்டு, மாதந்தோறும் ஒரு பகுதி மட்டுமே விடுவிக்கப்படும் வங்கிக் கணக்கு இது. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது. பருவ மாணவர் தாம் தங்கும் மாதங்களுக்குக் காட்ட வேண்டும். போதிய உபகாரச் சம்பளம் பெறுவோர் அதற்கான கடிதத்தையே சான்றாகக் காட்டலாம். ஆயினும் முதல் மாதச் செலவு எந்தத் திட்டத்தையும் மிஞ்சும். வாடகை முன்பணம், காப்புறுதி, பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தும் பருவப் பங்களிப்புத் தொகை, குளிராடை ஆகியன ஒரே நேரத்தில் வந்து சேரும். முடக்கக் கணக்கிலிருந்தோ மாதப் பகுதி மட்டுமே வரும். இந்த இடைவெளிக்கென்று குடும்பம் தனித்தொகை ஒன்றை ஒதுக்கி வைப்பது நன்று.

இருப்பிடம் வெறும் தங்குமிடம் அன்று. பிற ஆவணங்களுக்கெல்லாம் அதுவே அடிப்படை. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும்; அதற்கு வீட்டு உரிமையாளரின் ஒப்புச்சான்று வேண்டும்; முகவரிப் பதிவைக் கொண்டே தங்கும் அனுமதியும் வேறு பல பதிவுகளும் நடைபெறும். ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளியில் அறை தேடுவோர், ஒப்பந்தமும் முகவரிப் பதிவுக்கான ஒப்புதலும் இல்லாத அறைக்கும், பார்க்காத அறைக்கும் பணம் அனுப்பலாகாது. முன்பணம் திரும்பி வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அது வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதிருத்தல் வேண்டும்.

வகுப்பறை

மலேசியாவில் பாடமும் தேர்வும் பெரும்பாலும் ஒரே பதிவில் முடிந்துவிடுகின்றன. ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் பாடத்துக்கு ஒரு பதிவும் தேர்வுக்கு வேறொரு பதிவும் உண்டு. இரண்டாவதைத் தவறவிட்டவர், எல்லா வகுப்பிலும் அமர்ந்திருந்தாலும், மதிப்பெண் பெறுவதில்லை. முதல் வாரத்திலேயே இவ்விரண்டின் கெடுநாளையும் குறித்துக்கொள்வது நன்று. அங்கு மரபான ஒரு வழக்கத்தின்படி, பத்து மணி என்று குறித்த விரிவுரை பத்தேகாலுக்குத் தொடங்கும். காலத் தாமதம் இல்லாத வகுப்புகளுக்கு அட்டவணையில் தனிக் குறியீடு இடப்படும்.

கருத்தரங்கு வகுப்பு என்பது, சிறு குழுவாக அமர்ந்து, முன்னரே வாசித்து வந்த நூற்பகுதியை விவாதிக்கும் வகுப்பு. அங்கே மாணவர் வாய்மொழியாக ஆய்வுரை வழங்குவதும், பின்னர் அதை விரித்துக் கட்டுரையாக அளிப்பதும் வழக்கம். பேராசிரியரின் கருத்தை மறுத்துப் பேசுவதைப் பணிவின்மையாகக் கருதி வளர்ந்த மாணவர்கள் முதல் வாரங்களில் வாய் திறவாதிருப்பது இயல்பே. ஆனால் அங்கே மௌனம் மரியாதையாகக் கொள்ளப்படுவதில்லை. வாசிக்காமல் வந்ததன் அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. நூற்பகுதியில் விளங்காத ஓர் இடத்தையும் உடன்பட இயலாத ஓர் இடத்தையும் முந்தைய இரவே எழுதிவைத்துக்கொண்டு, வகுப்பின் முதற்பாதியிலேயே அவற்றில் ஒன்றைக் கேட்டுவிடும் பழக்கம் இத்தயக்கத்தைப் போக்க உதவும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் சிந்தித்துப் பழகிய மலேசிய மாணவரிடம், ஒரே பொருளைப் பல கோணங்களில் காணும் திறன் ஏற்கெனவே இருக்கிறது. அதை வெளிப்படுத்தும் துணிவே அங்கு கற்கப்பட வேண்டியது.

குளிர்காலப் பருவத்தின் கட்டுரைகளைச் சில துறைகள் விரிவுரைகள் முடிந்த பின்னரே, மார்ச்சில்கூடப் பெற்றுக்கொள்கின்றன. அதற்குள் மலேசியாவில் இரண்டாம் பருவம் தொடங்கிவிடலாம். இரண்டு நாட்டுப் பாடச்சுமையும் ஒரே தோளில் விழாதிருக்க, நூலகம் அருகிலிருக்கும்போதே கட்டுரையை முடித்து அளித்துவிட்டுப் புறப்படுவதே அறிவுடைமை.

அன்றாட வாழ்வும் தமிழ்ச் சூழலும்

பயணப்பெட்டியில் வைப்பவற்றில் சட்டம் சார்ந்த கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டு செல்ல இயலாது. ஆகவே நெய் போத்தலையும் இறைச்சி சேர்ந்த சம்பலையும் கிள்ளானிலேயே விட்டுவிட வேண்டும். பசுமையான கறிவேப்பிலைக்கு, அது நோயற்றது என்னும் தாவர நலச் சான்றிதழ் தேவைப்படும். அரைத்த மசாலைப் பொடிகளையும் காய்ந்த நெத்திலியையும் கொண்டு செல்லலாம். மின்னழுத்தம் இரு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே. செருகியின் வடிவம் மட்டுமே வேறாதலால், தக்க இணைப்பான் இருந்தால் மலேசிய மின்சோற்றுப் பானை அங்கும் இயங்கும். எனினும் அறைக்குள் சமைக்க விடுதி இடந்தருகிறதா என்று கேட்டறிய வேண்டும். குளிராடையைக் கோலாலம்பூரில் வாங்குவதைவிட அங்கு வாங்குவதே பொருத்தம்.

ஆண்டு முழுவதும் இரவு ஏழு மணியளவில் கதிரவன் மறையும் ஊரிலிருந்து செல்பவருக்கு, டிசம்பரில் கொலோனில் நாலரை மணிக்கும், சுவீடனின் உப்சாலாவில் மூன்று மணிக்கு முன்பும் அது மறைந்துவிடுவது மனத்தைத் தளர்த்தும். குளிர்காலத்தில் மலேசிய நேரம் நடு ஐரோப்பிய நேரத்துக்கு ஏழு மணி முந்தியது. அங்கு பிற்பகல் ஒரு மணிக்குப் பேசினால் வீட்டில் இரவு எட்டு மணி. வகுப்பு முடிந்த மாலையில் அழைத்தால் பெற்றோரின் உறக்கம் கலையும். ஆதலால் நண்பகல் வேளையில் வாரத்துக்கு ஒரு நாளை முறைப்படுத்திக்கொள்வது இருபுறத்துக்கும் ஆறுதல் தரும்.

தமிழ்ச் சூழல் ஐரோப்பாவில் இல்லாமல் இல்லை. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பாரிசின் லா ஷப்பல் பகுதியில் கடைத்தெருவையே உருவாக்கியுள்ளனர். ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் குடமுழுக்குக் கண்டது. யாழ்ப்பாணத்தார் எழுப்பிய கந்தசுவாமி கோயிலைக் கோலாலம்பூரின் ஸ்காட் சாலையில் கண்டு வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் மாணவருக்கு ஈழத்தமிழருடனான உறவு புதிதன்று. தீபாவளியும் பொங்கலும் குளிர்காலப் பருவத்துக்குள் வருவதால், அந்நாள்களில் இச்சமூகத்தின் துணை பெரிதும் உதவும். ஆயினும் வாரம் முழுவதையும் தமிழ் வட்டத்துக்குள்ளேயே கழிப்பவர் பரிமாற்றத்தின் பயனை இழந்துவிடுவார். விடுதிச் சமையலறையில் பிற நாட்டவரோடு பகிரும் உணவும் உரையாடலும் அப்பருவத்தின் பாடங்களே.

நூலகங்களைப் பற்றித் தனித்துச் சொல்ல வேண்டும். உரோமில் பயின்று, பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகள், அந்தாவ் டி புரோயன்சாவின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966இல் கோலாலம்பூரில் அதை மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்; முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவ்வாண்டிலேயே. ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள பிராங்கே நிறுவனங்களும் பாரிசின் தேசிய நூலகமும் தமிழ் ஓலைச்சுவடிகளைக் காத்து வருகின்றன. தமிழ் பயில்வோர் மட்டுமன்றி, மருத்துவமோ பொறியியலோ பயில்வோரும், தம் துறையில் மலேசியாவில் கிட்டாத ஒரு தொகுப்பையோ ஆய்வுக்கூடத்தையோ முன்கூட்டியே கண்டறிந்து, அனுமதி கேட்டு எழுதிவிட்டுச் செல்லலாம்; சுற்றுலாவாகச் செல்வோருக்கு எட்டாத இக்கதவுகள் மாணவர் அட்டை உடையோருக்கு எளிதில் திறக்கின்றன.

திரும்பிய பின்

மதிப்பெண் பட்டியல் வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், புறப்படுமுன் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், ஒப்படைத்த கட்டுரை ஆகியவற்றைத் தொகுத்துக் கொண்டுவர வேண்டும். கிரெடிட் மாற்றத்தைத் தீர்மானிக்கும் குழு பாடத்தின் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, அதன் உள்ளடக்கத்தையும் பார்க்கிறது. ஒரு பாடத்துக்கு ஒருமுறை ஒப்புதல் கிடைத்துவிட்டால், அடுத்து அதே பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவர் அம்முடிவை முன்னுதாரணமாகக் காட்டலாம். ஆகவே அக்கோப்பின் படியொன்றைத் துறையிலேயே ஒப்படைத்து, பெயர்ப் பதிவு முதல் தேர்வுப் பதிவுவரை எங்கெங்கு காலம் வீணாயிற்று என்பதையும் உடன் எழுதிவைப்பது, திரும்பிவந்த ஒவ்வொருவரின் கடமையாகும். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள குடும்பம் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் செல்லும் அடுத்த மாணவர், முன்னவர் இழந்த வாரங்களைத் தாம் இழக்காமல் படிப்பில் செலவிட இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.