கபினிக் கரையில் இரவொலிப் பதிவு

மைசூருக்குத் தெற்கே, ஸ்ரீகண்டேசுவரர் கோயிலை ஒட்டிக் கபினி ஓடும் நஞ்சன்கூட்டில், பங்குனி, சித்திரை இரவுகளின் இயற்கை ஒலிகளைப் பதிவு செய்ய முற்படுவோருக்குக் கருவியின் விலையைக் காட்டிலும் மைக்கை வைக்கும் இடமே முதன்மையானது. கல்லிலும் படியிலும் மோதும் நீர், தாழ்ந்த அலைவெண் முதல் உயர்ந்த அலைவெண் வரை பரவிய இரைச்சலை எழுப்புவதால், தவளை, பூச்சி, பறவை ஆகியவற்றின் குரல்கள் அதற்குள் அமிழ்ந்துவிடுகின்றன. ஆகவே, படித்துறையையோ, 1735இல் கட்டப்பட்டதாகக் கருதப்படும் பழைய பாலத்தின் தூண்களையோ ஒட்டிப் பதிவு செய்பவருக்கு நீரிரைச்சல் மட்டுமே மிஞ்சும். ஆறு மெல்ல நகரும் வளைவொன்றில், நீர்விளிம்பிலிருந்து சற்று விலகி மைக்கை நிறுத்தினால், ஆட்காட்டியின் எச்சரிக்கைக் குரலும் தவளைகளின் கத்தலும் தனித்தனியே பிரிந்து கேட்கும்.

இரவு என்றாலே அமைதி என்று நம்பிச் செல்வோர் ஏமாறுவதற்கு இயற்பியல் காரணம் ஒன்று உண்டு. தெளிந்த, காற்றற்ற இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால், தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாகிவிடுகிறது. வெப்பநிலைத் தலைகீழாக்கம் எனப்படும் இந்நிலையில் மேல்நோக்கிச் செல்லும் ஒலி மீண்டும் தரைப்பக்கம் வளைவதால், பகலில் கேட்காத தொலைதூர லாரியும் ரயிலும் தொழிற்பேட்டை எந்திரங்களும் பதிவில் நுழைந்துவிடுகின்றன. நள்ளிரவு கடந்து, குயில் கூவத் தொடங்கும் விடியலுக்கு முந்தைய வேளை வரையிலான இடைவெளியே ஓரளவு பயன்தரும். ஐந்து தேர்கள் ஓடும் பங்குனிப் பெரிய ஜாத்திரை நாட்களில் அதுவும் கிட்டாது. ஒலிச்சூழல் ஆய்வாளர் பெர்னி கிராஸ், நீர், காற்று போன்றவற்றின் ஒலி, உயிரினங்களின் ஒலி, மனிதர் எழுப்பும் ஒலி என ஓரிடத்தின் ஒலிகளை மூன்றாகப் பிரித்தார்; ஆனால் கோயில் நகரொன்றில் விடியற்கால மணியோசையைப் பதிவிலிருந்து வெட்டியெறிவது பொய்யான ஆற்றைக் காட்டுவதாகும், அதை உள்ளபடியே விட்டுக் குறிப்பில் எழுதிவைப்பதே நேர்மை.

அளவமைப்பில் சிக்கல் குறைவு: 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் போதும்; உச்ச ஒலி கருவியின் எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு வைத்தால், திடீரென அருகில் அலறும் பறவை பதிவைச் சிதைக்காது. மைக்குக்கு ரோம உறை அணிவித்து, பதிவைத் தொடங்கியபின் ஆள் விலகிவிட வேண்டும், ஏனெனில் உடையின் சரசரப்பும் மூச்சும் எண்ணியதைவிடப் பெரிதாகப் பதிகின்றன. மேலே கபினி அணை இருப்பதால் நீர் திறப்பைப் பொறுத்து ஆற்றின் மட்டம் மாறக்கூடும். கருவியை மணற்படுகையில் விடாமல் உயர்ந்த கரையில் நிறுத்துக.