ஜீப் வண்டியில் வகைத் தேர்வும் ஸ்பிரிங் உயர்த்தலும்

பண்ணைக்கு வேண்டிய கருவியை வாங்கும் குடியானவர் முதலில் தம் நிலத்தை நோக்கி, அதன் பின்னரே கடையை நோக்குதல் வேண்டும். கரிசலில் நன்கு உழும் கலப்பை கல் நிறைந்த செம்மண்ணில் முறிந்து போகும். இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், மலைச்சாரல்களை அடுத்து, பரந்த மேய்ச்சற் பண்ணைகள் உள்ளன. அங்கே வேலியைப் பார்வையிடவும், கால்நடைகளுக்கு உப்புக்கட்டி கொண்டு செல்லவும், பனி உருகிச் சேறான பாதைகளைக் கடக்கவும் நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய வண்டி பெரிதும் பயன்படுகிறது. அத்தகைய வண்டியை வாங்குவோர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. விலை குறைந்த சாதாரண வகையை வாங்கி, பிறகு ஸ்பிரிங்குகளை மாற்றி உயர்த்திக் கொள்வதா? அன்றி, கரட்டு நிலத்திற்கென்றே தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட விலை மிகுந்த வகையை வாங்குவதா? இதில் தவறுகிறவர் பணத்தை மட்டுமன்றி, மலைச்சரிவில் உயிரையும் இழக்க நேரிடலாம். ஆகவே ஜீப் ராங்ளர் என்னும் வண்டியை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கு ஆராயப்படுகிறது.

பண்ணையில் ஜீப்

இரண்டாம் உலக யுத்தத்தில் 1941 முதல் பெருந்தொகையாக உழைத்த வில்லிஸ் எம்.பி. என்னும் படை வண்டியே ராங்ளரின் மூதாதை. யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலேயே, ஒஹாயோ மாகாணத்து டொலீடோ நகரிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்டு கம்பெனியார், சி.ஜே.-2ஏ என்னும் பெயருடன் அதனைக் குடிமக்களுக்கு விற்கத் தொடங்கினர். அவ்வண்டியைக் குடியானவருக்கு உகந்ததென்றே அவர்கள் விளம்பரம் செய்தனர். அதன் எஞ்சினிலிருந்து சுழல் விசையை வெளியே எடுத்துப் பண்ணை யந்திரங்களை ஓட்டும் சாதனமும் தனியாகக் கிடைத்தது. அவ்வழியில் வந்த ராங்ளர் 1986-ல் வெளிவந்தது. 2003-ஆம் ஆண்டு மாதிரியில் அதற்கு ரூபிகான் என்னும் வகை சேர்க்கப்பட்டது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள பாறைகள் செறிந்த ஒரு பாதையின் பெயரே அவ்வகைக்கு இடப்பட்டது.

இரு வகைகளும் அவற்றின் வேறுபாடும்

2018-ஆம் ஆண்டு மாதிரியை எடுத்துக் கொள்வோமாயின், இரு கதவு கொண்ட ஸ்போர்ட் வகையின் அடிப்படை விலை 26,995 டாலர். ரூபிகான் வகையின் விலை 36,995 டாலர். இந்தப் பதினாயிரம் டாலரில் ஒரு பகுதி சௌகரியங்களுக்காகச் செல்வது. அடிப்படை ஸ்போர்ட் வகையில் குளிர்சாதனம் இல்லை. ஜன்னல் கண்ணாடியையும் கையாலேயே சுழற்றி இறக்க வேண்டும். எஞ்சிய பகுதி வண்டியின் அடிப்புறத்திற்காகச் செல்வது. பண்ணைக்காரர் கருத வேண்டியது அதுவே.

முதலாவது, பல்சக்கர விகிதம். இரு வகைகளிலும் தாழ்ந்த கியர் உண்டு. ஆனால் ஸ்போர்ட்டில் அது வேகத்தை 2.72 மடங்கு குறைக்கிறது. ரூபிகானில் 4 மடங்கு குறைக்கிறது. அச்சிலுள்ள விகிதம் ஸ்போர்ட்டில் 3.45, ரூபிகானில் 4.10. கையால் மாற்றும் கியர்ப்பெட்டியின் முதற் கியர் 5.13. இவற்றைப் பெருக்கினால், எஞ்சினின் திருப்பு விசை சக்கரத்தை அடையுங்கால் ஸ்போர்ட்டில் ஏறத்தாழ 48 மடங்காகவும், ரூபிகானில் ஏறத்தாழ 84 மடங்காகவும் பெருகுகிறது. செங்குத்தான பாறைப் பாதையில் வண்டி நடை வேகத்தினும் மெதுவாக ஏறி இறங்குவதற்கு உதவுவது இதுவே.

இரண்டாவது, டிஃபரன்ஷியல் பூட்டு. சேற்று வயலில் டிராக்டரின் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழலும்போது, ஓட்டுநர் காலால் மிதித்து இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்வதைக் குடியானவர் அறிவர். ரூபிகானில் முன் அச்சு, பின் அச்சு இரண்டிற்கும் அத்தகைய பூட்டு உண்டு. அதனை விசையால் இயக்கலாம். ஸ்போர்ட்டில் அது இல்லை. சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்திற்கு விசையை அனுப்பும் முறையே உண்டு. சிறு வழுக்கலுக்கு அது போதும். நெடு நேரம் சேற்றில் உழன்றால் பிரேக் சூடேறும்.

மூன்றாவது, ரூபிகானின் அச்சுகள் ஸ்போர்ட்டின் அச்சுகளைவிட வலிமை மிக்கவை. அதன் டயர் சுமார் 33 அங்குல விட்டமுடையது. ஸ்போர்ட்டின் டயர் சுமார் 31½ அங்குலம். மேலும், இரு முன் சக்கரங்களையும் இணைத்து வண்டி சாயாமற் காக்கும் குறுக்குத் தண்டை, ரூபிகானில் விசையை அழுத்தித் தற்காலிகமாக விடுவிக்கலாம். அப்போது ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினாலும் மற்றது பள்ளத்தில் இறங்கித் தரையைப் பற்றும்.

வண்டி நிற்பதற்கு மூன்று காரணங்கள்

கரட்டுப் பாதையில் வண்டி மேலே செல்லாமல் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே உண்டு. ஒன்று, சக்கரம் பிடிப்பின்றிச் சுழலுதல். இரண்டு, மெதுவாக ஏறப் போதிய விசையின்மை. மூன்று, வண்டியின் அடிப்பாகம் மேட்டில் தட்டி நிற்றல். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது எவ்வளவு தவறோ, இவற்றுள் எது தம் பாதையில் நிகழ்கிறது என்று அறியாமல் ஸ்பிரிங்கை உயர்த்துவதும் அவ்வளவு தவறு. ஸ்பிரிங் உயர்த்தல் மூன்றாவது குறைக்கு மட்டுமே பரிகாரம். அதிலும் ஒரு பகுதிக்கே பரிகாரம்.

உயர்த்துவதால் உயர்வது எது?

ராங்ளரில் முன்னும் பின்னும் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை நீண்ட முழு அச்சு உள்ளது. அதன் நடுவே பானைபோல் பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடே பல இடங்களிலும் முதலில் கல்லில் இடிக்கும் பாகம். ஸ்பிரிங் அச்சின்மேல் அமர்ந்திருப்பது. ஆகையால் நீண்ட ஸ்பிரிங் இட்டால் அச்சுக்கு மேலுள்ள சட்டமும் உடலும் உயருமேயன்றி, அச்சு ஒரு நூலளவும் உயராது. அச்சை உயர்த்துவது டயர் ஒன்றே. அதுவும் விட்டத்தில் பாதியளவே உயர்த்தும். 31½ அங்குல டயரை நீக்கி 35 அங்குல டயர் இட்டால் அச்சு 1¾ அங்குலம் உயரும்.

அப்படியாயின் ஸ்பிரிங் உயர்த்துவதன் பயன் யாது? பெரிய டயர் சக்கர மறைப்பில் உராயாமல் சுழல இடம் கிடைக்கிறது. ஆழ்ந்த தடங்களின் நடு மேட்டில் சட்டம் தட்டுவது குறைகிறது. மேட்டில் ஏறும்போது முன் பாகமும், இறங்கும்போது பின் பாகமும் இடிப்பது குறைகிறது. இவை உண்மையான பயன்களே. ஆனால் வழுக்கும் சக்கரத்திற்குப் பிடிப்பு இதனால் வராது.

பெரிய டயரால் வேறொரு நஷ்டமும் உண்டு. 35 அங்குல டயரை ஏற்ற ஸ்போர்ட் வண்டியில், 3.45 என்ற அச்சு விகிதம் 3.10 போலவே வேலை செய்யும். முன்னர் 48 மடங்காயிருந்த விசை 43 மடங்காகக் குறையும். பாறை ஏறுவதற்கென்று செலவிட்டவர், ஏறும் விசையையே இழந்து நிற்பார். இதனைச் சரிப்படுத்த இரு அச்சுகளின் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

உயர்த்திய பின் திருத்த வேண்டியவை

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி விட்டுவிடுதல் கூடாது. சட்டத்திற்கும் அச்சுக்கும் இடையேயுள்ள தண்டுகள் யாவும் பழைய உயரத்திற்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. வண்டி உயர்ந்ததும் குறுக்காகச் செல்லும் தண்டு அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். முன் சக்கரங்களின் சாய்வுக் கோணம் குறைந்து, நேரே செல்லும் தன்மை கெடும். ஸ்டியரிங் தண்டு சரிந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானே திரும்பப் பார்க்கும். சுழல் தண்டின் இணைப்புகள் அதிகக் கோணத்தில் உழைத்து விரைவில் தேயும். பிரேக் குழாயும் ஷாக் அப்ஸார்பரும் நீளம் போதாமல் இழுபடும். இணைப்புகளில் தேய்மானமும் சேருமாயின், நெடுஞ்சாலை வேகத்தில் முன் அச்சு முழுவதும் பயங்கரமாக ஆடத் தொடங்கும். ஆகவே உயர்த்துகிறவர் தண்டுகளையும் ஷாக்குகளையும் அவ்வுயரத்திற்கு ஏற்றவையாக மாற்றி, சக்கர நேரமைப்பையும் சரிபார்த்தல் அவசியம்.

ஸ்பிரிங் கடினமானதால் பாரம் அதிகம் ஏற்றலாம் என்று எண்ணுவதும் பிழை. இவ்வண்டி ஏற்கத்தக்க பாரம், ஆட்களையும் சேர்த்து, ஆயிரம் ராத்தலை ஒட்டியதே. அச்சும் பிரேக்கும் சட்டமும் பழையனவாயிருக்க, ஸ்பிரிங் மாற்றத்தால் அவ்வளவு உயர்வதில்லை.

சரிவில் ஒரு கணக்கு

எல்லாவற்றினும் முக்கியமானது வண்டி கவிழும் அபாயம். சக்கரங்களின் இடையகலத்தைப் பாரமையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வண்டியின் நிலைப்பு எண் கிடைக்கும். கணக்கிற்காக இடையகலம் 63 அங்குலம் என்றும், பாரமையம் 28 அங்குல உயரத்தில் உள்ளது என்றும் கொள்வோம். எண் 1.12 ஆகும். அசையாத வண்டி ஏறத்தாழ 48 பாகைப் பக்கச்சாய்வில் கவிழும். உயர்த்தலாலும் பெரிய டயராலும் பாரமையம் 3 அங்குலம் ஏறினால் எண் 1.02 ஆகக் குறையும். 45 பாகையிலேயே கவிழும்.

மூன்று பாகைதானே என்று அலட்சியம் செய்தல் ஆகாது. 25 பாகைச் சரிவில் குறுக்கே செல்லும் வண்டியின் மேற்புறச் சக்கரங்கள் ஓரடி உயர வரப்பின்மீதும், கீழ்ப்புறச் சக்கரங்கள் அரையடிப் பள்ளத்திலும் ஒரே சமயத்தில் அமைந்தால் சாய்வு 41 பாகையாகிவிடும். உயர்த்தாத வண்டிக்கு 7 பாகை மிச்சம். உயர்த்திய வண்டிக்கு 4 பாகையே மிச்சம். ஸ்பிரிங் ஒருபுறம் அமுங்குவதும், கூரைமேல் கட்டிய மூட்டையும் அந்த மிச்சத்தையும் விழுங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள ராங்ளரும் உயரமான வண்டியே. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு நிலையத்தார் 2019 மாதிரி நான்கு கதவு வண்டியை மோதச் செய்து பார்த்தபோது, அது பக்கவாட்டில் கவிழ்ந்ததென்று 2020-ல் வெளியிட்டனர். அவ்வண்டி மேலும் உயர்த்தப்பட்டதன்று.

தேர்ந்தெடுக்கும் முறை

வாங்குவதற்கு முன் குடியானவர் தம் பாதையை ஒருமுறை நடந்து பார்த்தல் நலம். கையில் ஓர் அளவுகோல் இருந்தால் போதும். தடங்களின் நடு மேடு எவ்வளவு உயரம், கற்கள் எவ்வளவு பெரியவை, சேறு எத்தனை மாதம் நிற்கிறது, குறுக்குச் சரிவு எங்கே உள்ளது என்பவற்றைக் குறித்துக் கொள்ளல் வேண்டும். ஸ்போர்ட் வண்டியின் அடிப்புறம் தரையிலிருந்து 10 அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும், ரூபிகானின் அடிப்புறம் 11 அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த உயரத்திலும் உள்ளன.

மண்பாதையும் புல்வெளியும் எப்போதாவது வரும் சேறும் மட்டுமே உள்ள பண்ணைக்கு ஸ்போர்ட் வகையே போதும். நல்ல பிடிப்புள்ள டயர் இட்டு, சேற்றிலும் மணலிலும் காற்றைக் குறைத்து ஓட்டி, சாலைக்கு வருமுன் மீண்டும் காற்றடித்துக் கொண்டால் பெரும்பாலான இடர்கள் தீரும். இதற்கு ஆகும் செலவும் சொற்பம்.

வருஷம் முழுவதும் பாறையும் செங்குத்தும் உள்ள பாதையில் செல்ல வேண்டியவருக்கு ரூபிகான் ஏற்றது. தாழ்ந்த கியர்ப்பெட்டி, இரு பூட்டுகள், வலிய அச்சுகள், பெரிய டயர்கள் ஆகியவற்றின் விலையையும் பொருத்தும் கூலியையும் தனித்தனியே எழுதிக் கூட்டிப் பார்த்தால், விலை வித்தியாசத்தின் நியாயம் விளங்கும். பிற்பாடு சேர்க்கக் கடினமானவற்றை வண்டியோடு வாங்குவதும், சேர்க்க எளிதானவற்றைப் பிறகு தேவை கண்டு சேர்ப்பதும் சிக்கனமாகும். ஸ்பிரிங் எளிதில் சேர்க்கத்தக்கது. பல்சக்கரமும் பூட்டும் அச்சும் அப்படியல்ல.

சட்டமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்பது மாகாணத்திற்கு மாகாணம் வேறுபடும். இந்தியாவிலோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதனை வலியுறுத்தியது. ஆகவே அமெரிக்கப் பண்ணையில் வழங்கும் முறையை இங்குள்ள மலைத்தோட்டக்காரர் அப்படியே பின்பற்ற முற்படலாகாது. தொழிற்சாலையிலேயே ஏற்ற வகையைத் தேர்ந்தெடுக்கும் அவசியம் இங்கு அதிகம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வண்டி ஏன் நிற்கிறது என்பதை அறிந்த பிறகே செலவு செய்க.

2. ஸ்பிரிங் உடலை உயர்த்தும். டயரே அச்சை உயர்த்தும்.

3. பெரிய டயர் இட்டால் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் அதற்கேற்ப மாற்றுக.

4. உயர்த்திய வண்டியில் தண்டுகள், ஷாக்குகள், பிரேக் குழாய்கள், சக்கர நேரமைப்பு ஆகிய யாவும் திருத்தப்படல் வேண்டும்.

5. உயரம் ஏற ஏறச் சரிவில் நிலைப்பு குறையும். கூரையில் பாரம் ஏற்றற்க. குறுக்குச் சரிவைத் தவிர்த்து நேரே ஏறி நேரே இறங்குக.

6. ஐயமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து பார்த்த பின்னரே மேலே செல்க.