குளிர்சாதனப் பெட்டியின் வெப்ப உணரி பழுதானால்: இன்சுலினைக் காக்கும் வழிகள்

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர் ஒருவர் அண்மையில் எமது நீரிழிவுப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். உணவில் மாற்றமில்லை, மருந்தின் அளவு தவறவில்லை, ஊசி போடும் முறையிலும் பிழையில்லை. ஆயினும் சில நாட்களாக இரத்தச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று வினவினோம். "ஃபிரிட்ஜில்தான் வைக்கிறோம், டாக்டர். ஆனால் கொஞ்ச நாளாகக் கீரையெல்லாம் விறைத்துப்போகிறது" என்றார் மருமகள். பெட்டியின் வெப்ப உணரி பழுதாகி, மருந்து இரவில் உறைவதும் கதவைத் திறந்து மூடும் பகலில் உருகுவதுமாக இருந்திருக்கிறது. வீட்டில் எவருக்கும் அது தெரியவில்லை. விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது, பால் கெடவில்லை. பிறகு ஐயம் எப்படி எழும்?

இத்தகைய பழுதை வீட்டிலேயே கண்டறிவது எவ்வாறு, மருந்தைக் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உணரி செய்யும் வேலை

குளிர்சாதனப் பெட்டிக்குத் தன் குளிர்ச்சி எவ்வளவு என்பது தானாகத் தெரியாது. அதனை அறிந்து சொல்வது உணரி. கம்ப்ரஸர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது அது தரும் செய்தியைப் பொறுத்தே அமைகிறது.

பனி படியாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைகளில் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்னும் சிறு உறுப்பு இவ்வேலையைச் செய்கிறது. குளிர் கூடக்கூட இதன் மின்தடை உயரும். 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும் தெர்மிஸ்டர், 0 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மடங்கு காட்டும். இவ்வளவுகள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும்.

பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில், வாயு அடைத்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று ஃப்ரீசரின் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்ச்சிக்கேற்ப வாயுவின் அழுத்தம் மாற, தெர்மோஸ்டாட் மின்னிணைப்பைச் சேர்க்கும் அல்லது துண்டிக்கும்.

பழுது இரு திசைகளில் வரும்

உண்மையைவிடக் குளிர்ச்சி அதிகம் என்று உணரி தவறாகக் காட்டினால், கம்ப்ரஸர் வேண்டிய அளவு ஓடாது, பெட்டி சூடாகும். இணைப்பில் துருவேறி மின்தடை கூடினாலோ, பழைய வகையில் குழாயின் வாயு கசிந்தாலோ இவ்வாறு நேரும். பால் திரியும், ஐஸ் உருகும். இப்பழுது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையைவிடச் சூடாக இருக்கிறது என்று உணரி காட்டினால் நிலைமை நேர்மாறானது. இணைப்பில் ஈரம் புகுந்து மின்தடை குறைந்தாலோ, பழைய வகையில் குழாய் ஃப்ரீசர் சுவரிலிருந்து விலகிவிட்டாலோ, குளிரூட்டல் நிற்காமல் தொடரும். ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசரின் காற்று கீழ்த்தட்டுகளுக்கும் இடைவிடாது இறங்கும். உணவு கெடாததால் பழுது கண்ணில் படாது. இன்சுலினுக்கு இதுவே பெரிய ஆபத்து.

முன்பக்கத் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பலாகாது. பழுதான உணரி தவறாக உணர்வதையே அத்திரையும் காட்டக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

1. மருந்துக் கடையில் கிடைக்கும், 0 டிகிரிக்குக் கீழும் காட்டக்கூடிய ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள். நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறைய இட்டுச் சிறிது நீர் ஊற்றிக் கலக்கி, அதன் முனையைச் சில நிமிடங்கள் அமிழ்த்துங்கள். 0 டிகிரியை ஒட்டிக் காட்டினால் கருவி சரியானது.

2. நடுத்தட்டில் ஒரு டம்ளர் நீரை வைத்து, அதனுள் தெர்மாமீட்டரை இட்டு, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

3. மூன்று நாட்கள், காலையும் மாலையும் இவ்வாறே குறியுங்கள். ஒருமுறை மாறுவதைவிட, தொடர்ந்து மாறுவதே பழுதின் அடையாளம்.

4. அளவு தவறினால் முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். குளிர்ச்சிக் குமிழை எவரேனும் திருப்பிவிட்டார்களா? காற்று வரும் துளைகளைப் பாத்திரங்கள் அடைத்துள்ளனவா? கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வருகிறதா?

5. இவை யாவும் சரியாக இருந்தும் அளவு தவறினால், உணரியின் மீது ஐயம் கொள்ளலாம். மெக்கானிக்கை அழைத்து உங்கள் குறிப்பைக் காட்டுங்கள். அவர் உணரியைக் கழற்றி, ஐஸ் நீரில் வைத்து, மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து, தயாரிப்பாளர் தந்த அட்டவணையுடன் ஒப்பிடுவார். நீங்களே பின்பக்க மூடியைக் கழற்ற முயல வேண்டாம். அங்கு மின்சாரம் தாக்கும் அபாயம் உண்டு.

மருந்தை என்ன செய்வது?

உறைந்த இன்சுலினை, உருகிய பின்னும் பயன்படுத்தலாகாது. உறைதல் அதன் ஆற்றலைக் குலைத்துவிடும். சில வேளைகளில் கட்டிகளோ துகள்களோ தென்படும். சில வேளைகளில் பார்வைக்கு எந்த மாற்றமும் இராது. எனவே, உறைந்திருக்கலாம் என்று ஐயம் எழுந்தாலே புதிய குப்பியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

மருந்து வீணாயிற்று என்பதற்காக ஊசியை நிறுத்திவிடக் கூடாது. குறிப்பாக முதல் வகை நீரிழிவு உடையவர்கள் ஒரு வேளையும் தவறவிடலாகாது. சர்க்கரை ஏறுகிறது என்று அளவைத் தாமாகக் கூட்டுவதும் தவறு. பிறகு நல்ல மருந்தை அதே அளவில் போடும்போது சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். உடனே மருத்துவரை அணுகுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவற்றுடன் சர்க்கரை உயர்ந்திருந்தால் தாமதியாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

பெட்டி பழுது நீங்கும்வரை, திறக்காத குப்பிகளை நம்பகமான ஒரு பெட்டி உள்ள உறவினர் அல்லது அண்டை வீட்டில் வைக்கலாம். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்கு மிகாத அறையில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்திருக்கலாம். எனினும் உறையில் அச்சிட்டுள்ள காலமும் வெப்ப அளவுமே இறுதியானவை. கோடையில் நம் வீடுகள் அதற்கு மேலும் சூடாவதுண்டு. அப்போது, நீர் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு சிறு கலயத்தை வைத்து, நீர் புகாத டப்பாவில் குப்பியை அதனுள் வைக்கலாம். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி வெப்பத்தைத் தணிக்கும். ஆயினும் இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. குப்பியை ஐஸ் கட்டியின் மீது நேரடியாக வைக்காதீர்கள்.

வழக்கமாக்க வேண்டியவை

மருந்தை மூடியுள்ள டப்பாவில் இட்டு, நடுத்தட்டின் முன்பகுதியில் வையுங்கள். ஃப்ரீசரிலும், அதன் அடியில் உள்ள தட்டிலும், பின்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். தெர்மாமீட்டரை அந்த டப்பாவின் அருகிலேயே வைத்திருங்கள். காலையில் மருந்தை எடுக்கும்போதே அளவையும் பார்த்துவிடலாம். தண்ணீர்ப் பாட்டிலின் ஓரத்தில் ஐஸ் கட்டினாலோ, கீரையும் தக்காளியும் விறைத்தாலோ, அதனை அசட்டை செய்யாதீர்கள்.

காரணமின்றிச் சர்க்கரை உயர்ந்தால், அடுத்தமுறை எம்மிடம் வரும்போது சர்க்கரைக் குறிப்பேட்டுடன் பெட்டியின் வெப்பக் குறிப்பையும் கொண்டு வாருங்கள். மேலே சொன்ன முதியவருக்கு நாங்கள் மருந்தின் அளவை மாற்றவில்லை. புதிய குப்பி தரப்பட்டது. பெட்டியின் உணரி மாற்றப்பட்டது. அவருடைய சர்க்கரை பழைய நிலைக்குத் திரும்பியது.