சங்கத் தலைமைக்குப் போட்டியிடுமுன் ஒரு பாடம்

நமது மலைநாட்டு நகரங்களில் பெரும்பாலான சங்கங்களின் பொதுக்கூட்டம் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. ஒன்று, பழைய தலைவரே கைதட்டலோடு மீண்டும் தெரிவாவார். அல்லது இரண்டு அணிகள் மோதி, தோற்ற அணி அடுத்த மாதமே புதுச் சங்கம் தொடங்கும். இரண்டிலும் நட்டம் சாதாரண அங்கத்தவருக்கே. கடை வாடகை, வரி, பார்க்கிங் என்று எதைப் பேசப் போனாலும் ஒரே குரல் இல்லாத வியாபாரிகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

தலைமைக்குப் போட்டியிடுவது எப்படி என்பதைக் கட்டடக் கலைஞர்களிடம் இருந்து கற்கலாம்.

பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் 1834 இல் தொடங்கப்பட்டது. 2022 இல் அதன் தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிட்டனர். வென்றவர் நைஜீரிய வம்சாவளியினரான முயிவா ஓகி. அப்போது வயது 31. சொந்த நிறுவனம் கிடையாது. ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்தவர். 2023 செப்டம்பரில் பதவியேற்று இரண்டு வருடம் தலைமை வகித்தார். அந்நிறுவகத்தின் முதல் கறுப்பினத் தலைவரும், மிக இளைய தலைவரும் அவரே.

இது எப்படி நடந்தது? சம்பளத்துக்கு வேலை செய்யும் இளம் கலைஞர்கள் ஒன்று கூடினார்கள். மேலதிக நேர வேலைக்கு ஊதியமில்லை என்பது அவர்களின் முக்கிய குறை. தங்களுக்குள் முதலில் ஒரு தெரிவு நடத்தி, ஒருவரை மட்டும் வேட்பாளராக நிறுத்தினார்கள். ஆள் முதலில் வந்து குறையைத் தேடவில்லை. குறை முதலில் வந்து ஆளைத் தேடியது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1957 இல் உருவாகி, 1976 இன் 1 ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. 1969 இல் அதன் தலைவராக இருந்தவர் ஜெப்ரி பாவா. மஸ்கெலியா அப்கொட்டில் ஸ்ட்ரத்ஸ்பே தோட்ட பங்களாவை வரைந்தவர். சட்டத்தரணியாக இருந்து, 38 வயதில்தான் கட்டடக் கலைஞரானார். 12 வருடத்தில் தலைமைக்கு வந்தார். பிந்தி வந்தவர் என்பது தடையாகவில்லை.

கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வாவின் வேலைமுறை இன்னும் பெரிய பாடம். 1950களின் இறுதியில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், குடியேறப் போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்து கொடுத்து, அவர்களின் தேவையைக் கேட்டறிந்தார். அதன் பிறகே பென்சிலை எடுத்தார். வேட்பாளரும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆகவே போட்டியிட நினைப்பவர் கவனிக்க வேண்டியவை:

1. சங்கத்தின் யாப்பை முழுதாக வாசியுங்கள். சந்தா நிலுவை உள்ளவருக்கு வாக்குண்டா, வேட்புமனு எப்போது, யார் முன்மொழியலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

2. வாக்குக் கேட்குமுன் குறை கேளுங்கள். பெரிய கடை முதலாளியிடம் மட்டுமல்ல, சந்தையில் தட்டுக்கடை போட்டிருப்பவரிடமும் போங்கள்.

3. பத்து வாக்குறுதி வேண்டாம். உங்கள் பதவிக் காலத்துக்குள் முடிக்கக்கூடிய இரண்டு போதும்.

4. ஒரே குறையைப் பேசும் இருவர் போட்டியிட்டு வாக்கைப் பிரிக்காதீர்கள். முன்கூட்டியே பேசி ஒருவரை நிறுத்துங்கள்.

5. தோற்றால் சந்தாவை நிறுத்தாதீர்கள். செயற்குழுவில் இருந்து கணக்குக் கேளுங்கள். கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் தலைவரும் ஒழுங்காக நடப்பார்.

பதவி மாலைக்கும் மேடைக்கும் உரியதல்ல. அது ஒரு அமானிதம். வென்றவர் முதல் மாதத்திலேயே வங்கிக் கணக்கின் மீதியை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். நம்பிக்கை அங்கிருந்துதான் ஆரம்பமாகும்.